காணிக்கைத் தட்டில் ராயன் முகம்

மனைவி நகை சேர்ப்பாள், புருஷன் காசு சேர்ப்பான் என்று எங்கள் சபையில் என்னைக் கேலி செய்வார்கள். அதில் பாதிதான் உண்மை. என் மனைவியிடம் நகை என்று சொல்லிக்கொள்ள ஒற்றைச் சங்கிலியைத் தவிர எதுவும் கிடையாது. அதற்கும் காரணம் நான் சேர்த்த காசுகள்தான்.

எழுபதுகளில் எனக்குப் புனேயில் ராணுவக் கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை. சாங்வியில் வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்கியில் தமிழ் ஆராதனை. அது முடிந்ததும் மனைவியை வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிட்டு நான் ஜூனா பஜாருக்குக் கிளம்பிவிடுவேன். துருப்பிடித்த பூட்டு, ஓடாத கடிகாரம், கைப்பிடி இல்லாத இஸ்திரிப்பெட்டி என்று உலகத்தில் யாருக்கும் வேண்டாத சாமான்களெல்லாம் அங்கே சாக்கில் பரப்பிக் கிடக்கும். நடுவில் பழங்காசுக் குவியல்கள். முகலாயர் காசு, மராட்டியர் செப்புக்காசு, வெள்ளைக்காரன் ரூபாய். எனக்கு இவை எதுவும் வேண்டியதில்லை. வேதத்தில் வருகிற வெள்ளிக்காசுகள் மட்டும்தான் வேண்டும்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பிரசங்கத்தில் தூக்கம் வராமல் இருக்கத் தொடங்கியதாக இருக்கலாம். ஆண்டவரைக் காட்டிக்கொடுத்ததற்கு வாங்கிய வெள்ளி, ஒரு பெண் விளக்கேற்றி வீடெல்லாம் தேடிய காசு, மீன் வாயில் கிடைத்த காசு என்று குருவானவர் சொல்லும்போதெல்லாம் அது எந்த நாட்டுக் காசு, என்ன எடை, யார் முகம் போட்டிருக்கும் என்றுதான் என் புத்தி போகும். எல்லாவற்றையும்விட எனக்கு வேண்டியிருந்தது வரிக்காசு. ராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்டவர்களிடம் ஆண்டவர் காட்டச் சொன்னாரே, அந்தக் காசு. ரோம ராயனின் தலை போட்ட சின்ன வெள்ளி.

நான் விரும்பிக் கேட்கிறேன் என்று தெரிந்தால் பஜாரில் எந்தக் காசும் கிடைத்துவிடும். பம்பாய்க் கப்பலில் வந்தது என்று ஒருவன் சத்தியம் செய்து கொடுத்ததை இரண்டு மாதம் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன். பிறகு விஷயம் தெரிந்த ஒருவர் அதைக் கையில் வாங்கிய உடனே ஈயம் என்று சொல்லிவிட்டார். மனைவியிடம் மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"ஈயம்னு மொதல்லயே சொல்லியிருந்தா ரசம் வைக்கவாவது ஆயிருக்கும்லா" என்றாள்.

எங்களுக்குப் பாளையங்கோட்டைப் பக்கம். அவள் கேலி செய்தால் பதில் சொல்லக் கூடாது, இன்னும் இரண்டு வரும்.

வரிக்காசைப் பற்றிப் படித்தபோது ஒரு சங்கதி தெரிந்தது. வெளிநாட்டில் யானை விலை விற்கிற அந்தக் காசு நம் கொங்கு நாட்டில், கரூர், கோயம்புத்தூர்ப் பக்கம், உழும்போது பானை பானையாகக் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் ரோமர்கள் மிளகுக்கும் ரத்தினக் கல்லுக்கும் கொடுத்துவிட்டுப் போனது. எங்கள் சபையில் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சில இருந்தன. அவர்களிடம் விசாரிக்க எனக்குக் கூச்சம். ஆபீசில் உட்கார்ந்து வேலை செய்கிறவன் தொழிற்சாலைக்காரர்களிடம் போய் உங்கள் வீட்டில் பழங்காசு உண்டா என்று கேட்பதா என்கிற வீம்பு. அன்றைக்குக் கேட்டிருந்தால் எல்லாம் வேறு மாதிரி நடந்திருக்கும்.

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்றால் ஆராதனையைவிட ஏலத்துக்குத்தான் கூட்டம். அறுப்பதற்கு ஒருவரிடமும் வயல் கிடையாது. வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் கன்டோன்மென்ட் அலுவலகங்களிலும் மாதச் சம்பளம் வாங்குகிற ஜனம். ஆனாலும் அன்றைக்குப் பூசணிக்காய், வாழைத்தார், கோழி, கேக், பூப்போட்ட தலையணை உறை, தளேகாவிலிருந்து ஒருவர் சுமந்து வந்த சோள மூட்டை எல்லாம் பீடத்துக்கு முன்னால் குவிந்துவிடும். ஏலம் விடுகிற மூப்பர் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர். அவருக்கு மைக் வேண்டாம்.

கோழியெல்லாம் போன பிறகு அவர் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டை எடுத்தார்.

"பழைய வெள்ளிக்காசு. பொருத்தனைக் காணிக்கை. கழுத்துல போட வளையம் வச்சிருக்கு. பாக்கிறவங்க பாத்துக்கலாம்" என்று முன்வரிசையில் கொடுத்தார்.

முன்வரிசையில் நான் இருந்தேன். எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்துப்போன காசு. உச்சியில் ஒரு வளையம் பற்றவைத்து அதில் கறுப்புக் கயிறு கோத்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். கறுப்புக்கு அடியில் நேரான ஒரு மூக்கு, தடித்த கழுத்து, தலையில் இலைமாலை. திருப்பினால், நாற்காலியில் உட்கார்ந்த ஒரு பெண், ஒரு கையில் கோல், மறுகையில் கிளை. படங்களில் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமான காசு. ராயன் தலை போட்டதை எடுத்து யாரோ கர்த்தருடைய தட்டில் வைத்திருக்கிறார்கள் என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்குக் கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது.

பின்னாலிருந்து "அஞ்சு ரூபா" என்று ஒரு குரல். தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த கரூர்க்காரர். சபைக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. வேறு யாரும் கேட்கவில்லை. அவர் ஊர்ப்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தன. நான் "பத்து" என்றேன். அவர் எழுந்து நின்று பார்த்துவிட்டு "பதினஞ்சுங்க" என்றார். நான் "முப்பது" என்றேன். அவர் பெண்கள் பக்கம் ஒருமுறை பார்த்தார். "முப்பத்தஞ்சு" என்று சொன்னபோது குரல் பாதியாகிவிட்டது.

"நூறு" என்றேன்.

எங்கள் வீட்டு வாடகை அவ்வளவு கிடையாது. ஆலயமே கை தட்டியது. மூப்பர் ஒரு தரம், ரெண்டு தரம் சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் ஸ்தோத்திரம் என்று சத்தம் போட்டார்கள். ஒரு பழங்காசுக்கு நூறு ரூபாய் கொடுக்கிறவன் கர்த்தருக்காகத்தான் கொடுக்கிறான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். குருவானவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கமாக.

எங்கள் ஊர்ப்பக்கம் ஏலத்தில் விட்டுக்கொடுப்பது என்பதே கிடையாது. கூட்டிக் கேட்பதுதான் பக்தி. அந்தக் கரூர்க் குடும்பங்களில் வேறு வழக்கம். பொருத்தனையாக, அதாவது நேர்ந்துகொண்டு, கொடுத்த பொருளை அந்த வீட்டுக்காரரே ஏலத்தில் எடுப்பார், மற்றவர்கள் போட்டி போட மாட்டார்கள். புனேயில் எல்லா ஊர்க்காரர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருந்தோமே தவிர, யாருடைய வழக்கம் எது என்று யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. எனக்குத் தெரியாது, அதனால் என் மேல் தப்பில்லை என்று பல வருடங்கள் சொல்லிப் பார்த்தேன். வழக்கம் தெரியாதுதான். ஆனால் ஒரு மனிதன் எதையோ கெஞ்சுகிற குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டுவிட்டுத்தான் நூறு என்றேன்.

பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அந்தப் பிள்ள மூஞ்சியப் பாத்தியளா?"

"எந்தப் பிள்ள?"

"காசு குடுத்தவ. ஃபிட்டர் சம்சாரம். ஏலம் முடிஞ்சதும் முந்தானைய வாயில வச்சிக்கிட்டு வெளிய போனா."

"சந்தோஷத்துல அழுதிருப்பா."

"ஆமா" என்றாள். "உங்களுக்கு எல்லாம் சந்தோஷந்தான்."

மறுநாளே கட்கி பஜாரில் வெள்ளி வேலை செய்கிற ஒருவரிடம் போனேன். போகும் முன் வீட்டில் கயிற்றைக் கத்தரித்தேன். சின்னக் கயிறு. குழந்தைக் கழுத்துக்குப் போட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். வளையத்தை எடுத்துவிடவா என்று அவர் மராத்தியில் கேட்டார். எடுத்துவிடச் சொன்னேன். அவர் அதை அறுத்து, பற்றவைத்த இடத்தை அரத்தால் ராவி, காசை ஏதோ திராவகத்தில் முக்கி எடுத்துத் துணியால் துடைத்தார். பழங்காசைச் சுத்தம் செய்யவே கூடாது என்பது சேகரிப்பவனுக்கு அரிச்சுவடி. எனக்கும் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவர் உள்ளங்கையில் ராயன் பளபளவென்று கிடந்தான். ஒவ்வொரு எழுத்தும் படிக்க முடிந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் கல்யாணத்தன்று பட்டதில்லை.

சில வாரங்கள் கழித்து, ஆபீஸ் விட்டு வந்து கட்கியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஃபிட்டர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், அந்தக் காசு உங்ககிட்டத்தானுங்களே இருக்குது?"

"இருக்கு. ஏன்?"

"சும்மாதானுங்க. வித்துறாதீங்க. அதைச் சொல்லத்தான் நின்னேன்."

நான் விடாமல் கேட்டதால் சொன்னார். அவருக்கு ஒரே மகள், ஆறு வயது. சின்னதிலிருந்து வலிப்பு. அந்தக் காசு அவர் மாமியாருடையது, கரூர்ப் பக்கம் தோட்டத்தில் கிடைத்தது. மாமியார் சாகும்போது பேத்தி கழுத்தில் கட்டச் சொல்லியிருக்கிறார். கட்டிய பிறகு வலிப்பு நின்றது. அந்தத் தைரியத்தில்தான் அந்த ஜூன் மாதம் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஆனால் சபைப் பெண்கள் சிலர், தாயத்துக் கட்டிப் பிள்ளையை ஆலயத்துக்குக் கூட்டிவருகிறாள் என்று முணுமுணுத்தார்கள். அது அவர் மனைவியைச் சுட்டுவிட்டது.

"கர்த்தருக்குக் குடுத்துட்டு, சபை கையாலயே திரும்ப வாங்கிக் கட்டிட்டா அப்புறம் ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு அவளாத்தான் யோசிச்சாளுங்க. உங்களுக்கு எப்படிங்க தெரியும்? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வச்சிருக்கணும். தப்பு எங்க மேலதானுங்க."

"பாப்பா எப்படி இருக்கா?"

"போன வாரம் ஒருக்கா வந்துருச்சுங்க. இப்போ ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டேங்கறா. கழுத்துல ஒண்ணுமில்லாம எந்தத் தைரியத்துல அனுப்பறதுன்னு கேக்கறா."

திருப்பிக் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. ஏலத்தில் விழுந்ததைக் கேட்டால் பொருத்தனையைத் திரும்பக் கேட்டதாகிவிடுமாம். பஸ் வந்ததும் என்னை முதலில் ஏறச் சொல்லி ஒதுங்கி நின்றார்.

வலிப்புக்கும் வெள்ளிக்கும் சம்பந்தமில்லை. அது எனக்கு அன்றைக்கும் தெரியும். ஆனால் அந்தத் தாயைப் பள்ளிக்கூட வாசல்வரை கூட்டிப்போனது அந்தக் காசுதான். அதையும் மறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தாள்.

"நாளைக்கே கொண்டு குடுத்துருங்க" என்றாள்.

நான் மறுநாள் போகவில்லை. வளையமில்லாமல் எப்படிக் கொடுப்பது என்று ஒரு சாக்கு கிடைத்தது. பழையபடி பற்றவைத்திருக்கலாம். அரைமணி நேர வேலை. ஆனால் காசில் இன்னொருமுறை சூடு படுவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் காசைச் சுற்றி வெள்ளியில் ஒரு கூடு செய்து, கூட்டில் வளையம் வைக்கச் சொன்னேன். பார்க்க அழகாக இருந்தது. பிள்ளைக்காகச் செலவு செய்கிறேன் என்று எனக்கே பெருமை. உள்ளே காசு பத்திரமாக இருக்கும், என்றைக்காவது திரும்பக் கிடைத்தால் கூட்டைக் கழற்றிவிடலாம் என்கிற கணக்கும் கூடவே இருந்தது. கொடுக்கப் போகும்போதே திரும்ப வாங்குவதைப் பற்றி யோசித்தவன் நான்.

மனைவிக்குக் காய்ச்சல், நான் மட்டும் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். ஃபிட்டர் ஷிஃப்டில் இருந்தார். பெண் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தது. அதன் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் காசை எடுத்துக் கொடுத்தேன். அவள் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள், திருப்பினாள், மறுபடி திருப்பினாள். முகத்தில் ஏதாவது வரும் என்று நான் காத்திருந்தேன்.

"இது வேற காசுங்க, அண்ணா."

"இல்லம்மா, அதேதான். அழுக்கை எடுத்திருக்கு, அவ்வளவுதான்."

அவள் சிரித்தாள். "எங்க காசு எனக்குத் தெரியாதுங்களா? அது கறுப்பா இருக்குமுங்க. எங்கம்மா கழுத்துலயே கறுப்புத்தான். இப்படி ஆள் மூஞ்சியெல்லாம் அதுல தெரியாதுங்க."

அப்போது நான் கூட்டைக் கழற்றியிருக்க வேண்டும். நகத்தால் நெம்பினால் வந்துவிடும். வளையம் இருந்த இடத்தில் அரம் ராவிய தழும்பு இருக்கிறது, தொட்டுப் பார் என்று காட்டியிருக்க வேண்டும். நான் கழற்றவில்லை.

"எங்களுக்காக எங்கெங்கயோ தேடி வேற ஒண்ணு வாங்கியாந்திருக்கீங்க. அந்த மனசே போதுங்க" என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. காசை என் கையிலேயே திரும்ப வைத்தாள். "எங்களுது பத்திரமா இருக்குதுங்களா?"

"இருக்கு" என்றேன்.

"அது போதுங்க. பணம் சேந்ததும் நானே வந்து வாங்கிக்கறேன், அதுவரைக்கும் நீங்களே வச்சிருங்க. ஏலத்துல போனதைச் சும்மா வாங்கிட்டுப் போனா நல்லாருக்காதுங்க."

அவள் கொடுத்த காபியைக் குடித்தேன். வெளியே வந்து ரயில்வே கேட் வரை நடந்தபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நிம்மதியாக இருந்தது. கொடுக்கவும் போயாயிற்று, காசும் சட்டைப்பையில் இருக்கிறது.

"வச்சிக்கிடச் சொல்லிட்டா" என்று மனைவியிடம் சொன்னேன்.

"அவளே சொன்னாளா?"

"அவளேதான் சொன்னா."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. அப்படித்தான் பேசத் தெரிந்தது எனக்கு.

அந்தப் பெண் அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அடுத்த வருடம் அனுப்பலாம், அதற்கு அடுத்த வருடம் அனுப்பலாம் என்று போய்விட்டது. ஆஸ்பத்திரி மாத்திரையில் வலிப்பு நன்றாகவே கட்டுப்பட்டது, ஆனால் அதற்குள் வயது தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் நடைபாதைக்கு அந்தப் பக்கம் அம்மாவோடு உட்கார்ந்திருப்பாள். எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கும்போது அவளும் திறப்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் பக்கம் திருப்பினால் கொஞ்சம் பிந்தி அவளும் திருப்புவாள். பாட்டெல்லாம் காதால் கேட்டே பாடம். ஒருநாள் புத்தகம் தலைகீழாக இருந்ததைப் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் தூணுக்குப் பின்னால் இடம் மாற்றிக்கொண்டேன்.

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு உங்கள் காசுகளைக் காட்டுங்கள் என்று குருவானவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். ஜூனா பஜாருக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். வாசலில் எதிர்ப்படும்போதெல்லாம் அந்த அம்மா ஒன்றும் கேட்க மாட்டாள். லேசாகப் புருவத்தை உயர்த்துவாள். பத்திரமாக இருக்கிறது என்று நான் தலையை ஆட்டுவேன். இப்படியே வருடங்கள் போயின.

எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை மாலை அவள் மகளைக் கூட்டிக்கொண்டு சாங்விக்கு வந்தாள். பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்களாம். என் மனைவி காபி போட எழுந்தாள். அந்த அம்மா கைக்குட்டை முடிச்சு ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"நூறு ரூபாயும், மேல கொஞ்சமும் இருக்குதுங்க. ரெண்டு பேருமா பாவாடை தச்சுச் சேத்தது. புகுந்த வீட்டுக்குப் போறப்போ இவ கழுத்துல அதைக் கட்டி அனுப்பிடலாம்னு. எங்க காசைக் குடுத்துருங்க, அண்ணா."

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தேன். கூட்டைக் கழற்றினேன். இத்தனை வருடத்தில் முதல்முறை. வெறும் காசைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தேன்.

"இதுதாம்மா. அன்னைக்குக் கொண்டாந்ததும் இதேதான்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலைக் காசின் விளிம்பில் மெதுவாக ஓட்டினாள். உச்சிக்கு வந்ததும் விரல் நின்றது. அதே இடத்தை மறுபடி தடவினாள். காபியோடு வந்த என் மனைவி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அன்னைக்கே சொன்னீங்க" என்றாள் அவள்.

அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"இவரு அப்பவே நம்ம வீடு தேடிக் கொண்டாந்தாரு, கண்ணு. அம்மாதான் வேற காசுன்னு திருப்பி அனுப்பிட்டேன். அன்னைக்கு வாங்கிக் கட்டியிருந்தா நீ ஸ்கூலுக்குப் போயிருப்ப."

"சோடோ ம்மா, விட்டுரு" என்றாள் பெண். "அதெல்லாம் போச்சு."

"என்னாலதான் போச்சு" என்று அவள் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கை கூப்பினாள். "நீங்க பொய் சொல்றீங்கன்னு நெனச்சுட்டேனுங்க. மன்னிச்சுக்குங்க, அண்ணா."

மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்தேன்.

"பரவாயில்லம்மா" என்றேன்.